பாடும் வழிபாடும்

நீண்ட பதிவு. ஓய்வாக இருக்கும்போது வாசிக்க வேண்டுகிறேன்.

என் பெரியம்மாவின் செபப் புத்தகத்துக்குள் புனித அல்போன்சாவின் சிறு படம் ஒன்று எப்போதும் இருக்கும். மடிப்பில் கிழிந்த இடத்தைப் பசைத்தாள் கொண்டு ஒட்டி வைத்திருப்பார். மார்பில் கட்டி இருப்பதை அவர் அறிந்து ஏறக்குறைய ஓராண்டு ஆகியும் வீட்டில் எவரிடமும் சொல்லவில்லை. மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோது நோய் பரவியிருந்தது. “ஏன்க்கா சொல்லல?” என்று என் அம்மா அழுதுகொண்டே கேட்டார். “ஒப்புக்கொடுத்துட்டேன்மா” என்பதே அவர் விடை. அவர் மறைந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன.

அண்மையில் பெங்களூரில் ஒரு கருத்தரங்கில் பெண் புனிதர்களின் உடல்வலியைப் பற்றிய உரையாடல் எழுந்தது. ஒருவர் அல்போன்சாவின் நோய்களை அருளின் அடையாளம் என்றார். மற்றொருவர் அவையனைத்தும் நரம்புத் தளர்ச்சியின் வெளிப்பாடு என்று முடித்துவிட்டார். அன்று நான் வாய் திறக்கவில்லை. எதிரெதிராகத் தோன்றிய அவ்விரு கூற்றுகளும் ஒரே இடத்தில் நின்றுவிட்டன என்று வீடு திரும்பிய பின்னரே தெளிந்தேன். இருவருமே அப்பெண்ணின் உடலைப் பார்த்தார்கள். அவர் செய்ததையும் சொன்னதையும் பார்க்கவில்லை. அன்று சொல்லத் தவறியதை இங்கே எழுதுகிறேன்.

என் பயிற்சி மொழியியலில் என்பதால் சொல்லிலிருந்து தொடங்குகிறேன். கெடு என்பது கேடு ஆவது போல, சுடு என்பது சூடு ஆவது போல, படு என்னும் வினையடி முதல் நீண்டு பாடு ஆகிறது. முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று பள்ளியில் படித்ததுதான். தமிழ்க் கத்தோலிக்கர் கிறிஸ்துவின் இறுதித் துன்பங்களைப் ‘பாடுகள்’ என்பர். சிலுவையில் அறையுண்ட உருவத்தைப் ‘பாடுபட்ட சுரூபம்’ என்பர். நம் இலக்கணத்தில் செயப்பாட்டுவினை என்னும் பெயருக்குள்ளும் அதே பாடு இருக்கிறது. அவ்வினையை ஆக்கும் துணைவினையும் ‘படு’தான். இலத்தீனிலும் இதே நிலை: துன்புறுதலைக் குறிக்கும் ஒரே வினையிலிருந்துதான் ஆங்கிலத்தின் ‘பேஷன்’, ‘பேசிவ்’ ஆகிய இரண்டும் வந்தன. உறவில்லாத இரு மொழிக்குடும்பங்கள் துன்பத்தையும் செயப்பாட்டையும் ஒரே வேரில் முடிந்து வைத்திருக்கின்றன.

ஆயினும் தமிழ் அங்கே நிற்கவில்லை. ‘பாடுபட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைத்தாள்’ என்னும்போது அவளுக்கு ஏதோ நேர்ந்தது என்று நாம் பொருள் கொள்வதில்லை. அவள் உழைத்தாள் என்றே கொள்கிறோம். நமக்கு நேர்வதும் பாடு. நாம் முயன்று செய்வதும் பாடு. வழிபாடு, உடன்பாடு, துறவியர் அளிக்கும் வார்த்தைப்பாடு ஆகியவற்றிலும் அதே சொல் வாழ்கிறது. சொற்பிறப்பு எந்த இறையியலையும் நிறுவிவிடாது என்பதை அறிவேன். ஆனால் நாம் கேட்க மறந்த ஒரு கேள்வியை அது நினைவூட்டலாம். புனிதர் வரலாறுகளில் முதற்பொருள் மட்டும் ஏன் எஞ்சியது? இரண்டாம் பொருள் எங்கே போயிற்று?

பெங்களூரிலிருந்து ஓர் இரவுப் பேருந்துத் தொலைவில் உள்ள மங்களூரிலிருந்து தொடங்கலாம். ‘சிலுவையில் அறையுண்ட இயேசுவின் மரியா’ என்னும் துறவறப் பெயர் கொண்ட மரியம் பவார்தி அங்கே வாழ்ந்தவர் என்பது கர்நாடகத்திலேயே பலருக்குத் தெரியாது. நாசரேத்துக்கு அருகிலுள்ள இபில்லின் என்னும் ஊரில் 1846இல் பிறந்த அரபுப் பெண் அவர். இளமையிலேயே பெற்றோரை இழந்தார். உறவினர் ஏற்பாடு செய்த திருமணத்தை மறுத்தார். அலெக்சாந்திரியா, எருசலேம், பெய்ரூத், மார்செய் என ஊர் ஊராக வீட்டுப் பணிப்பெண்ணாக உழைத்தார். 1867இல் பிரான்சின் போ நகரிலுள்ள கார்மேல் மடத்தில் சேர்ந்தார். மங்களூரில் புதிய கார்மேல் மடம் நிறுவ 1870இல் புறப்பட்ட சகோதரியருள் அவரும் ஒருவர். உடன்வந்தோருள் சிலர் பயணத்திலேயே இறந்தனர். 1871 நவம்பர் 21 அன்று மங்களூரில் அவர் வார்த்தைப்பாடு கொடுத்தார்.

நம் ஊர்களில் ‘ஐந்து காய வரம்’ என்று சொல்லப்படுவது அவருக்கு வாய்த்திருந்ததாக உடனிருந்தோர் பதிவு செய்துள்ளனர். பரவச நிலைகளும் நிகழ்ந்தன. ஆனால் மங்களூரில் அவருக்குக் கிடைத்தது வணக்கம் அன்று, ஐயம். அவருடைய அனுபவங்களின் மெய்ம்மையைத் திருச்சபைத் தலைமையும் மடத்துத் தலைமையும் நம்பவில்லை. 1872இல் அவர் பிரான்சுக்கே திருப்பி அனுப்பப்பட்டார். அதே பெண்ணை 2015 மே 17 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார்.

இக்கதையைச் சொல்வோர் பெரும்பாலும் காயங்களையும் ஐயத்தையும் இறுதி வெற்றியையும் சொல்வார்கள். எனக்கு அவர் இறந்த விதம்தான் முதன்மையானது. பிரான்சிலிருந்து அவர் 1875இல் பெத்லகேமுக்குச் சென்றார். அங்கே எழுந்த புதிய கார்மேல் மடத்தின் கட்டுமானத்தைக் கவனித்தவர் அவரே. சகோதரியருள் தொழிலாளரின் மொழியான அரபு தெரிந்தவர் அவர்தாம். 1878 ஆகஸ்டில் ஒருநாள் கட்டடத் தொழிலாளருக்குக் குடிநீர் எடுத்துச் சென்றபோது விழுந்து கை முறிந்தது. புண் அழுகிப் பரவியது. சில நாள்களில், ஆகஸ்ட் 26 அன்று, 32 வயதில் இறந்தார். ஐந்து காயங்களுக்குப் படங்கள் உண்டு. அந்தத் தண்ணீர்ப் பாத்திரத்துக்கு ஒரு படமும் நான் கண்டதில்லை. அவர் பட்ட பாடு எது என்று தமிழில் கேட்டால், இரண்டையும்தானே சொல்ல வேண்டும்?

இன்னொன்றும் உண்டு. அவருக்கு எழுத்தறிவு மிகக் குறைவு. பிரெஞ்சு சரளமாக வராது. பரவசத்தில் அவர் சொன்னவை என்று இன்று அச்சில் உள்ளவை, பிற சகோதரியர் கேட்டுப் பிரெஞ்சில் எழுதி வைத்தவை. அரபில் நினைத்த ஒரு பெண்ணின் பேச்சு, பிறரின் செவி, பிறரின் மொழி, பிறரின் எழுதுகோல் ஆகியவற்றைக் கடந்து நம்மை அடைகிறது. மொழியியல் மாணவர் எவரும் அத்தகைய தரவை எச்சரிக்கையோடுதான் கையாள்வர். புனிதர் வரலாற்றை வாசிக்கும் நாம் அந்த எச்சரிக்கையை ஏன் கைவிடுகிறோம்?

மங்களூர்த் தலைமையினரின் ஐயத்தை மட்டும் குறை சொல்ல மாட்டேன். கார்மேல் மரபே அந்த ஐயத்தைக் கற்பித்தது. சபையைச் சீர்திருத்திய அவிலா தெரேசா, 1577இல் எழுதிய ‘உள்ளக் கோட்டை’ நூலில், நோன்பாலும் தூக்கமின்மையாலும் உடல் நலிந்து மயங்கிக் கிடப்பதைப் பரவசம் என்று எண்ணிக்கொள்ளும் சகோதரியரைப் பற்றி எச்சரிக்கிறார். பரவசத்தைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லின் ஒலியைச் சற்றே மாற்றி, ‘மந்தித்துப் போதல்’ என்னும் பொருள்பட ஒரு கேலிச் சொல்லையும் ஆள்கிறார். அத்தகையோருக்கு அவர் பரிந்துரைக்கும் மருந்து மிக எளியது: நன்றாக உண்ணச் செய்யுங்கள், உறங்கச் செய்யுங்கள். தாமே பரவசங்களுக்காகப் புகழ்பெற்ற ஒருவர் இதை எழுதினார் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பின்னாளில் பதினான்காம் பெனடிக்ட் என்னும் பெயரில் திருத்தந்தையான லம்பெர்தீனி, புனிதர் பட்டம் பற்றி 1734 முதல் 1738 வரை வெளியிட்ட பெருநூலிலும் இதே நிலைப்பாட்டைக் காணலாம். காட்சிகளும் பரவசங்களும் தம்மளவில் புனிதத்துக்குச் சான்றாகா. ஆராயப்பட வேண்டியது அந்த மனிதர் வாழ்ந்த அறவாழ்வு. ஆக, வலி இருந்தாலே புனிதம் என்பது மக்களிடையே வழங்கும் கதைகளின் இலக்கணமே தவிர, திருச்சபையின் அளவுகோல் அன்று.

கேரளத்தின் மரியம் திரேசியா இதற்கு மற்றொரு சான்று. திருச்சூரை அடுத்த புத்தன்சிறையில் 1876இல் பிறந்தவர். அவருக்கு நேர்ந்த விசித்திர அனுபவங்களைக் கண்டு, ஆயர் ஆணையின்படி 1902 முதல் 1905 வரை அவர்மீது பலமுறை பேயோட்டும் சடங்கு நடத்தப்பட்டது. தம் உடலில் தோன்றிய காயங்களை அவர் பிறர் கண்ணில் படாமல் மறைத்தார் என்கின்றன வரலாறுகள். ஆனால் தம் நடையை மறைக்கவில்லை. ஆண்துணையின்றிப் பெண்கள் தெருவில் நடப்பதே ஏச்சுக்குரியதாக இருந்த காலத்தில், தோழியர் மூவரோடு வீடு வீடாகச் சென்று அம்மை நோயாளிகளையும் தொழுநோயாளிகளையும் பேணினார். 1914 மே 14 அன்று திருக்குடும்ப சபையைத் தொடங்கினார். 1926இல் காலில் பட்ட காயம் நீரிழிவால் ஆறாமல் இறந்தபோது அவருடைய சபையில் 55 சகோதரியர் இருந்தனர். அவர் மறைத்த காயங்களைத்தான் நாம் இன்று தேடித் தேடிப் பேசுகிறோம்; ஊரறியச் செய்த வேலையை ஒரு வரியில் கடந்துவிடுகிறோம்.

இனி பெரியம்மாவின் படத்தில் இருந்தவர். 1910இல் பிறந்த அன்னக்குட்டி, கைக்குழந்தையாக இருந்தபோதே தாயை இழந்து பெரியம்மாவால் வளர்க்கப்பட்டார். பதின்மூன்றாம் வயதில் திருமண ஏற்பாடு நடந்தது. உடல் சற்றுச் சிதைந்தால் தம்மை எவரும் மணக்க மாட்டார்கள் என்று எண்ணி, கனன்றுகொண்டிருந்த உமிக் குழியில் காலை வைத்தார். நம் காரைக்கால் அம்மையாரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. கணவனுக்காகத் தாங்கிய தசையை இனி வேண்டாம் என்று உதறிப் பேயுரு வேண்டியவராகத்தானே பெரியபுராணம் அவரைக் காட்டுகிறது? மணச் சந்தையில் தம் உடலின் விலையைத் தாமே அழித்துவிட்ட பெண்கள் இருவர். ஆனால் காரைக்கால் அம்மையார் நமக்குக் கவிஞராகவே அறிமுகமாகிறார். அற்புதத் திருவந்தாதி அவருடைய குரல். அல்போன்சா தம் ஆன்ம வழிகாட்டிகளுக்குக் கடிதங்கள் எழுதியிருக்கிறார். ஆயினும் அவர் நமக்கு நோயாளியாகவே அறிமுகமாகிறார். 1932இல் அவர் வாகக்காட்டுப் பள்ளியில் குழந்தைகளுக்குப் பாடம் நடத்தினார் என்பதை என் பெரியம்மா அறிந்திருக்கவில்லை. 1946 ஜூலை 28 அன்று 35 வயதில் இறக்கும்வரை அவர் பட்ட நோய்களையோ வரிசையாகச் சொல்வார்.

மலையாளக் கிறித்தவ வழக்கில் அல்போன்சாவை ‘சஹனதாசி’ என்பர். சஹனம் என்பதன் மூலப்பொருள் பொறுத்துக்கொள்ளுதல். அவ்வழக்கிலோ அது துன்பத்துக்கே பெயராகிவிட்டது. உழைத்துத் துன்புறுவதைச் சொல்லும் ‘பாடுபெடுக’ மலையாளத்திலும் உண்டு. புனிதரின் பட்டத்தில் இடம்பிடித்தது சஹனம்தான். பொறுமையின் பெயரே வலியின் பெயரும் ஆகிவிட்டால், பொறுத்துக்கொள்ளாத வலியைச் சொல்லும் சொல் மொழியில் ஒதுங்கிப் போகிறது. இதற்கு மாறாக, நட்டாலத்துத் தேவசகாயத்தைப் பாருங்கள். ஏறக்குறைய மூன்றாண்டுகள் சித்திரவதைப்பட்டு 1752இல் ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொல்லப்பட்டவர், 2022இல் புனிதரானவர். ஓரியூரில் 1693இல் வெட்டுண்ட அருளானந்தரும் அவரைப் போலவே ‘வேதசாட்சி’ எனப்படுகிறார். சாட்சி என்பவர் பேசுபவர். அந்த ஆண்களின் துன்பத்துக்கு நம் மொழி பேச்சின் பெயரைச் சூட்டியது. அல்போன்சாவின் துன்பத்துக்கு மௌனத்தின் பெயரைச் சூட்டியது. பெண் வேதசாட்சிகளும் உண்டு என்பதை மறக்கவில்லை. ஆனால் மறையுரைகளில் பெண்களுக்கு முன்மாதிரியாக எவர் வைக்கப்படுகிறார் என்று எண்ணிப் பாருங்கள்.

இத்துறை அறிந்தோர் இரு தடைகளை எழுப்பலாம். முதலாவது கல்விப்புலத்திலிருந்து வருவது. ருடால்ஃப் பெல் 1985இல் இத்தாலியப் பெண் புனிதரின் நோன்பை உணவுமறுப்பு நோயோடு ஒப்பிட்டார். இரண்டாண்டுகள் கழித்துக் கரோலின் வாக்கர் பைனம், உணவு என்பது இடைக்காலப் பெண்களின் ஆளுகையில் இருந்த பொருள், அதன்வழி அவர்கள் தம் சமயப் பொருளைத் தாமே படைத்தார்கள் என்று வாதிட்டார். 2005இல் சபா மஹ்மூத், கெய்ரோவின் பள்ளிவாசல் இயக்கப் பெண்களை ஆராய்ந்து, பொறுமையும் ஒருவகைச் செயலாற்றலே. எதிர்ப்பு மட்டுமே செயல் என்று கொள்வது நம் முன்முடிவு என்றார். அப்படியானால் சஹனத்தை மட்டும் நான் ஏன் குறை சொல்கிறேன்? குறை சொல்லவில்லை. பொறுத்தல் ஒரு செயலாகலாம் என்பதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அதைச் செயல் என்று சொல்ல வேண்டியவர் பொறுப்பவர். மஹ்மூத் அப்பெண்களோடு அமர்ந்து அவர்கள் பேச்சைக் கேட்டார். நம் மன்றாட்டுப் படங்களின் பின்புறத்தை எழுதியோர் எத்தனை பெண்களைக் கேட்டு எழுதினார்கள்?

இரண்டாவது தடை நம்பிக்கையாளரிடமிருந்து வருவது; அதை நான் மிகவும் மதிக்கிறேன். தீராத வலியில் கிடப்பவருக்கு அந்த வலி வீணாகவில்லை என்னும் நம்பிக்கையைத் தவிர வேறென்ன கொடுக்க முடியும்? என் பெரியம்மாவின் இறுதி மாதங்களில் அவருக்கு அந்தப் படம் தந்த ஆறுதலை எந்த மருந்தும் தரவில்லை. அதை அருகிருந்து கண்டவன் நான். அவரிடமிருந்து அதைப் பறிக்கத் துணியேன். நான் சொல்வது அதற்கு முந்தைய ஓராண்டைப் பற்றி. தீராத வலிக்குப் பொருள் தேடுவது வேறு. தீர்க்கக்கூடிய வலியைப் பொருள் உண்டென்று சொல்லி மூடி வைப்பது வேறு. முதலாவதற்கு உரிய மொழியை இரண்டாவதற்குக் கடன் கொடுத்ததுதான் நாம் செய்த தவறு.

இந்த வேறுபாட்டை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. துன்பத்தின் மீட்புப் பொருளைப் பற்றி இரண்டாம் யோவான் பவுல் 1984 பிப்ரவரி 11 அன்று வெளியிட்ட திருத்தூது மடல், முடிவை நெருங்கும்போது நல்ல சமாரியரிடம் வருகிறது. அடிபட்டுக் கிடந்தவனுக்குத் துன்பத்தின் மாண்பை விளக்கிவிட்டு அந்தச் சமாரியர் கடந்து செல்லவில்லை. காயத்தில் எண்ணெய் வார்த்தார், சத்திரத்தில் சேர்த்தார், செலவுக்கும் பணம் கொடுத்தார். நம் மக்களின் பக்தியும் இதை அறியும். ஆண்டுதோறும் பெங்களூர்த் தமிழர் எத்தனையோ பேர் வேளாங்கண்ணிக்குப் போகிறார்கள். அங்கே அன்னைக்குப் பெயரே ஆரோக்கிய மாதா. கண்ணும் காலும் நெஞ்சுமாக உறுப்பு வடிவங்களைக் காணிக்கையாக வைத்து அவர்கள் கேட்பது நலத்தைத்தான், வலியை அல்ல. பெரியம்மாவும் போனவர்தாம். அங்கே நலம் கேட்கத் தெரிந்தவர் வீட்டில் கேட்கவில்லை.

இறுதியாக அவர் சொன்ன சொல்லுக்கே வருகிறேன். ‘ஒப்புக்கொடு’ என்பதற்குத் தமிழில் ஓர் இணை உண்டு: ‘ஒப்புக்கொள்’. கொடு பிறரை நோக்கிச் செல்வது. கொள் தன்னை நோக்கி வருவது. தனக்கு வலிக்கிறது என்பதைப் பெரியம்மா கடவுளுக்கு ஒப்புக்கொடுத்தார், எங்களிடம் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொண்டிருந்தால் என் அம்மா மறுநாளே விடுப்பு எடுத்துக்கொண்டு அவரை அழைத்துப் போயிருப்பார். அந்த அலைச்சலும் ஒரு பாடுதான். அதைப் படும் வாய்ப்பு எங்களுக்கு வாய்க்கவில்லை.

எனவே பங்குகளில் மறையுரை ஆற்றுவோரிடமும், புனிதர் வரலாறு எழுதுவோரிடமும், இத்துறையில் ஆய்வு செய்யும் நண்பர்களிடமும் என் வேண்டுகோள் ஒன்றே. அல்போன்சாவின் நோயைச் சொல்லும்போது அவர் நின்ற வகுப்பறையையும் சொல்லுங்கள். மரியம் திரேசியாவின் காயத்தைச் சொல்லும்போது அவர் நடந்த தெருக்களையும் சொல்லுங்கள். மரியம் பவார்தியின் பரவசத்தைச் சொல்லும்போது அவர் சுமந்த தண்ணீரையும் சொல்லுங்கள். கேட்டுக்கொண்டிருக்கும் பெண்களுள் எவருக்கேனும் உடம்பில் ஏதேனும் மாற்றம் தெரிந்தால், முதலில் வீட்டாரிடமும் பிறகு மருத்துவரிடமும் சொல்லும்படி அதே மறையுரையில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ஒப்புக்கொடுப்பதற்கு அதன்பின்னும் நேரம் இருக்கும்.

மாற்றுக் கருத்துடையோர் எழுதுக, கற்றுக்கொள்ளக் காத்திருக்கிறேன்.